உன் அப்பா பிணமாகப் படுத்த அன்று

என் மகனுக்கு,

போன வாரம் நீ போனில் படத்தின் கதையைச் சொன்னாய். பாதியில் நான் வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டு, சிக்னல் போய்விட்டதா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கதையை மேற்கொண்டு கேட்க எனக்குத்தான் தெம்பில்லை. நேரில் சொல்லத் தொடங்கினால் அழுது கெடுத்துவிடுவேன். சத்துணவுக் கூடத்தில் வருஷக்கணக்காகக் கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் எழுதிவிடுகிறேன். நீ படித்தபின் உன் மனைவியிடமும் கொடு. உன்னோடு படம் எடுக்கிற பிள்ளைகள் கேட்டாலும் படித்துக் காட்டு, எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

நீ சொன்னது இதுதான். ஒரு சாராய முதலாளி, அவனுக்கு ஒரு மெய்க்காவலன். ஆள் பார்ப்பதற்கு ஐயனார், உள்ளுக்குள் தொடைநடுங்கி. முதலாளி அவனைத் தன் குடும்பத்தில் ஒருவனாக வைத்திருக்கிறார். மறியல் நடக்கிற நாளில் முதலாளி தப்பிக்க வழியில்லை. உடனே காவலன் பிணமாகப் படுத்துக்கொள்கிறான், வண்டி சாவு வண்டியாகிவிடுகிறது. மறியல்காரர்கள் வழிவிடுகிறார்கள். நடுவில் காவலனின் மச்சான் வந்து, நிஜமென்று நம்பி, பிணத்தின் மேல் விழுந்து புரண்டு அழுகிறான். "அந்த எடத்துல தியேட்டரே அதிரும்மா" என்று சொல்லி நீயே சிரித்தாய். மச்சான் வேஷத்துக்கு ஒரு பெரிய சிரிப்பு நடிகரிடம் தேதி வாங்கியாகிவிட்டது என்றாய். கடைசியில், "அம்மா, இது நம்ம அப்பா கதைதான். சின்னவரு சொன்னாரு" என்றாய்.

சின்னவர் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள். அவர் அப்பாதானே அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தவர். இப்போது உன் படத்துக்குப் பணம் போடுகிறவரும் அவரே. பதினைந்து வருஷம் அசிஸ்டென்டாகவே தேய்ந்த உனக்கு இது பெரிய வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். அதற்குள் நான் வரவில்லை. ஆனால் நீ இன்னொன்றும் சொன்னாய். படப்பிடிப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் பாப்பாவுக்குக் காது குத்தப் போகிறோம், உன் மனைவிக்கு உடன்பிறந்த ஆண் இல்லாததால் சின்னவரே தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றார் என்று. "நாம ஒரே குடும்பம்னு சொல்லிட்டாரும்மா" என்றாய். உன் குரலில் அத்தனை பெருமை. அந்த வார்த்தையை நான் முன்பு கேட்டிருக்கிறேன். அதே வீட்டு ஆள் வாயிலிருந்து, இரண்டு தடவை.

உன் அப்பா கள்ளக்குறிச்சி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். தியாகதுருகம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஆள். உயரமும் மீசையும் நெஞ்சும் உனக்குத் தெரியும், கொஞ்சம் உனக்கும் வந்திருக்கிறது. முதலாளி அப்போது டவுனில் சாராயக் கடைகள் வைத்திருந்தார். கடையில் விற்பது ஒன்று, கல்வராயன் மலையிலிருந்து லாரி டியூபில் கள்ளச்சாராயமாக இறங்குவது ஒன்று. ஒருநாள் மண்டிக்கு வந்தவர், இவர் மூட்டையோடு நின்றதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து தன்னிடம் வரச் சொல்லிவிட்டார். உன் அப்பா பயந்துபோய், "மொதலாளி, எனுக்கு அடிக்கத் தெரியாதுங்க" என்றிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, "நீ இன்னாத்துக்கு அடிக்கணும். என் பின்னால நில்லு, அது போதும்" என்றாராம்.

அப்படியே நின்றார். ஒரு அடி பின்னால், வலது தோள் பக்கமாக, கூட்டத்தைப் பார்த்தபடி. அந்தப் பழக்கம் எங்கே போனாலும் விடவில்லை. சந்தைக்கு என்னோடு வந்தால்கூட எனக்குப் பின்னால் நின்று கத்தரிக்காய்க்காரியை முறைப்பார். அவள் எடை கூடவே போட்டுவிடுவாள். ஊரே பார்த்து நடுங்கிய அந்த ஆளுக்கு நாய் என்றால் உயிர் போய்விடும். முதலாளி வீட்டில் கட்டிப்போட்டிருந்த நாய்க்குப் பயந்து கொல்லைப் பக்கமாகத்தான் நுழைவார். இதையெல்லாம் நீ படத்தில் வை, நானே சிரிப்பேன். உன் அப்பா சிரிக்கத் தகுந்த மனிதர்தான். கோழி அறுக்கிறபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர்.

இப்போது உன் காதுகுத்தைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு அப்போது பல் முளைத்திருந்தது, நடை வரவில்லை. என் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, உன் மாமன். அப்பா அம்மா போனபிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். கச்சிராயபாளையம் சாலையில்தான் எங்கள் ஊர். பிளஸ் டூ முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தான். அந்தக் கூலியில் உனக்குக் கடுக்கன் செய்து, தட்டு வரிசையோடு வந்தான். பாயில் உட்கார்ந்து உன்னை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் முதலாளி கார் வந்து நின்றது. நாங்கள் மரியாதைக்குச் சொல்லியிருந்தோம், வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தவர் நேராகப் பாய்க்கு வந்து, "இவன் என் குடும்பம். கொழந்தைய இங்க குடு, நான் வச்சிக்கிறன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

தாய்மாமன் இருக்கும்போது அந்த இடத்தில் இன்னொருவர் உட்காருவது என்றால் என்ன என்று உனக்குப் புரியுமா தெரியவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. உன் அப்பா என் தம்பி மடியிலிருந்து உன்னைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். முதலாளி போட்ட கடுக்கன் பெரியது, கல் வைத்தது. நானும் ஒரு நிமிஷம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளதைச் சொல்கிறேன். திரும்பிப் பார்த்தால் தம்பி எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். "சாப்ட்டுப் போடா" என்றேன். "உன் வூட்ல மாமன் உக்கார எடம் இல்ல, சோறு எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு எங்களோடு பேச்சு இல்லை.

அடுத்து வந்தவை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த என் தம்பிக்கு அது தன்னுடைய கதையாகவே பட்டது. முன்னால் நின்றான். சாலை மறியல் என்று அறிவித்த வாரம், புளிய மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள். பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, சின்னசேலம் ரயிலுக்குப் போனவர்கள் நடந்தே திரும்பினார்கள். வெளியூர்ப் போலீஸ் வேன் வேனாக வந்து டவுனில் இறங்கியது. மறியல்காரர்கள் மூன்றுக்குத்தான் மரத்தை நகர்த்தினார்கள். பால் வண்டி, ஆஸ்பத்திரி வண்டி, சாவு வண்டி.

இத்தனை போலீஸ் ஊருக்குள் இருக்கும்போது தன் குடோனிலும் கை வைப்பார்கள் என்று முதலாளிக்குத் தகவல் வந்திருக்கிறது. சரக்கையும் தன்னையும் மலைக்கு ஏற்றிவிட வேண்டும். மறியல்காரர்களிடமும் அவருக்கு நல்ல பெயர் இல்லை, கார் போனால் கொளுத்திவிடுவார்கள். சாவு வண்டி யோசனை அவருடையதுதான். மெட்டடார் வேனில் கீழே டியூப்கள், மேலே வைக்கோல், அதற்கு மேல் பாடை. பாடையில் உன் அப்பா. தாடைக்குக் கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு, கழுத்தில் மாலை. தலைமாட்டில் முதலாளி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுகிற பாவனையில். எனக்கு ஒன்றும் தெரியாது. காலையில் கிளம்பும்போது, "மலைக்குப் போறம்மே. சாயங்காலம் வந்துடுவன்" என்றார். பழைய சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

முதல் மரத்தில் பிள்ளைகள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு மரத்தை இழுத்து வழிவிட்டார்களாம். அடுத்த இடத்திலும் அப்படியே. செத்தவர் மலைக்காரர், ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். மூக்குப் பஞ்சு அரித்து உன் அப்பாவுக்குத் தும்மல் வரப் பார்த்ததும், முதலாளி ஒப்பாரி வைக்கிற சாக்கில் அவர் வாயைப் பொத்தியதும் நடந்ததுதான். சின்னவர் உனக்குச் சொன்னது பொய் இல்லை. ஒன்றை மட்டும் அவர்கள் யாரும் யோசிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு உறவு இல்லாமல் போகலாம், பேச்சு அறுந்து போகலாம். பிணத்துக்கு அப்படி இல்லை. மாலை போட்டுப் படுக்க வைத்துவிட்டால் சண்டை போட்டவன்கூட ஓடி வருவான். முதலாளிக்குப் பிணம் வழிவிடும் சீட்டாகத் தெரிந்தது. அந்தப் பிணம் யாருக்கோ மாமன் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது மரம் எங்கள் ஊர் எல்லையில். அங்கே நின்றது என் தம்பி.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே உள்ளே ஏறிவிட்டான் என்று கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். உன் அப்பாவின் கால்களைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் முகத்தை வைத்து அழுதிருக்கிறான். முதலாளி வெலவெலத்துப் போய்விட்டார். "நெஞ்சு வலின்னு சொன்னான், பொட்டுனு போய்ட்டான். மலைல பொதைக்கணும்னு அவன் ஆச. உங்கக்காவுக்கு இன்னும் சொல்லல, நீ போய் கூட்டியா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். அழுகிறவன் குறுக்குக் கேள்வி கேட்பானா. இறங்கினான், கூட இருந்தவர்களைக் கூப்பிட்டு மரத்தை அவனே முன்னால் நின்று நகர்த்தினான். வண்டி போன பிறகு சைக்கிளை எடுத்தான்.

புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். கோடி என்போம். பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அது தம்பியின் கடமை. ரோடு இருக்கிற நிலையில் ஒரு தரம் வந்துவிட்டுப் போய் மறுபடி வர முடியாது என்று நினைத்திருக்கிறான். மூடிக் கிடந்த துணிக்கடையின் பின்கதவைத் தட்டி, ஒரு நூல் சேலை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் என் வாசலுக்கு வந்தான். நீ முற்றத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாய். ஒரு வருஷத்துக்கு மேல் பேசாத தம்பி "அக்கா" என்று கூப்பிட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அது எத்தனை நேரம் இருந்திருக்கும். பிறகுதான் அவன் கையில் இருந்ததைப் பார்த்தேன்.

நான் அழுததை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டக்கா கொண்டுவந்த கஞ்சியைக்கூடத் தம்பி தொடவில்லை. உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். உன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். என்னை மலைக்குக் கூட்டிப்போக வண்டி கிடைக்குமா என்று இரண்டு பேரை அனுப்பினான். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் திடீரென்று கேட்டான், "அக்கா, மாமா சுடுகாடு தியாகதுருகம் இல்ல? இவன் எதுக்கு மலைக்குக் கொண்டு போனான்?" கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினான். "பொணத்த வாங்கிக்கினு வரன்க்கா. நீ எழுந்து எங்கியும் போவாத" என்று சொல்லிவிட்டு முதலாளி வீட்டுக்குக் கிளம்பினான்.

அங்கே முதலாளி இல்லை, அவர் ஆட்கள்தான் இருந்தார்கள். மாமாவின் உடம்பைக் கொடு என்று இவன் கேட்கிறான். இல்லாத பிணத்தை அவர்கள் எப்படிக் கொடுப்பார்கள். உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால் சரக்கு போன வழி தெரிந்துவிடும். சாவைச் சொல்லி மறியல்காரர்களை ஏமாற்றியதும் தெரிந்துவிடும், ஊர் சும்மா விடாது. நாளைக்கு வா என்றிருக்கிறார்கள். இவன் போகவில்லை. கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, "எங்க மாமா பொணத்தக் குடுங்கடா" என்று கத்தியிருக்கிறான். கூட்டம் சேர ஆரம்பித்தது. உள்ளே இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்கள். அவன் வாயை மூட வைக்கத்தான் அடித்தார்களாம், கொல்ல நினைக்கவில்லையாம். பின்னாளில் அந்த ஆட்களில் ஒருவன் என்னிடமே சொன்னான். பின்மண்டையில் பட்டுவிட்டது. தூக்கிக்கொண்டுபோய் மறியல் நடந்த ரோட்டோரம் போட்டுவிட்டார்கள். அந்த வாரம் யார் அடிபட்டுக் கிடந்தாலும் மறியலில் விழுந்த அடி என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவன் உயிரைக் கேட்டு யாரும் எந்த வாசலுக்கும் போகவில்லை.

உன் அப்பா மலையில் ஒரு குடியானவர் வீட்டில் இருந்தார். வண்டி மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கி ஊருக்குக் கிளம்பியவரை முதலாளி தடுத்திருக்கிறார். "இப்ப நீ எறங்கினா என்னக் கிழிச்சிடுவாங்கடா. நாலு நாளு செத்தவனாவே இரு. உன் வூட்டுக்கு நான் சொல்லி அனுப்பறன்." இவர் நம்பினார். அந்த வீட்டு அம்மா சாமைச் சோறு போடும்போதெல்லாம், "வூட்ல தேட மாட்டாங்களா?" என்று கேட்பாராம். "மொதலாளி சொல்லியிருப்பாரு" என்பாராம் இவர். அவர் யாரையும் அனுப்பவில்லை. புளி விற்கக் கீழே இறங்கிய அந்த வீட்டுக்காரர் திரும்பி வந்து, ரோட்டில் ஒரு பையன் செத்துக் கிடந்ததைச் சொன்னார். ஊரையும் பேரையும் சொன்னார். உன் அப்பா செருப்பில்லாமல் மலையிறங்கி நடந்தே வந்தார்.

எங்கள் ஊரில் தம்பியைக் கிடத்தியிருந்தோம். வாசலில் இவர் வந்து நின்றதும் பெண்கள் அலறி எழுந்து ஓடினார்கள். செத்தவன் நடந்து வருகிறான் என்று ஒருத்தி மயங்கி விழுந்தாள். உன் படத்தில் இதுவும் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாலி பிழைத்தது என்று அவரைக் கட்டிக்கொள்வதா, தம்பி கிடக்கிறான் என்று அழுவதா. எழுந்துபோய் அவரை அடித்தேன். கை ஓயும்வரை அடித்தேன். அந்தப் பெரிய உடம்பு அசையாமல் வாங்கிக்கொண்டது. யாரும் எங்களை விலக்கவில்லை.

அப்புறம் முதலாளி மாலையோடு வந்தார், ஆட்கள் சூழ. மாலையைத் தம்பியின் மேல் போட்டுவிட்டு என்னிடம், "இன்னா பண்றது, விதி. நாம ஒரே குடும்பம், நான் இருக்கறன்" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு அடி பின்னால், வலது தோள் பக்கமாக, கூட்டத்தைப் பார்த்தபடி. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கால்கள் தாமாகப் போய் அந்த இடத்தில் நின்றுவிட்டன. நான் பார்ப்பதைப் பார்த்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரிந்தது. அந்த முகத்தை எந்த நடிகரும் உனக்குச் செய்து காட்ட முடியாது.

அப்பா முதலாளியை விட்டுவிட்டு வந்தாரா என்று கேட்பாய். இல்லை. முதலாளி கண்ணை மூடும்வரை அங்கேதான் நின்றார். உப்பைத் தின்றுவிட்டோம் என்பார். பயமும் உண்டு, வேறு பிழைப்பு தெரியாததும் உண்டு. அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய், நானும் தின்றேன். ஆனால் அன்றிலிருந்து அவர் மல்லாந்து படுத்து நீ பார்த்திருக்க மாட்டாய். ஒருக்களித்துப் படுப்பார், இல்லை என்றால் சுவரில் சாய்ந்தபடியே தூங்குவார். முதுகு வலி என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம்.

உடம்புக்கு முடியாமல் கிடந்த கடைசி மாதத்தில்தான் அந்த வண்டிக்குள் நடந்ததை எனக்குச் சொன்னார். "அவன் கால புடிச்சிக்கினு அழுதான்மே. தண்ணி சூடா பாதத்துல எறங்குச்சு. என் காலும் சூடாத்தான் இருந்திருக்கும், அழறவனுக்கு அது எங்க தெரியப் போவுது. 'மாமா, சாப்புடாம போய்ட்டன்னு கோவமா, எழுந்து வா மாமா, உன் வூட்ல வந்து சாப்புடறன்' அப்படின்னு சொல்லிக்கினே இருந்தான். கண்ணத் தொறந்து பேசிடலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. மொதலாளி கை என் தோள்ல இருந்துச்சு. லேசா அமுக்கினாரு. நான் தொறக்கல." அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏன் திறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்காது.

உன் அப்பா நிஜமாகச் செத்தபோது நீ என் மேல் கோபப்பட்டாயே, நினைவிருக்கிறதா. எனக்குக் கோடி கொண்டுவரப் பிறந்த வீடு இல்லை என்று சின்னவர் காரில் பட்டுச் சேலையோடு வந்தார். "நான் உங்க தம்பி மாதிரிம்மா" என்றார். நான் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மடிப்புக்கு மடிப்பு இற்றுப் போயிருந்தது, முந்தானை உட்காரும்போதே கிழிந்தது. "அவ்ளோ பெரிய மனுசன் குடுத்தத வச்சிட்டு கந்தலக் கட்டிக்கினு ஏம்மா மானத்த வாங்கற" என்று என் காதில் கடிந்துகொண்டாய். அது என் தம்பி கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த சேலை. உன் அப்பாவுக்காக என்று அவன் கொண்டுவந்த கோடி. உன் அப்பா சாகாததால் அன்று அதைக் கட்டவில்லை, அவன் செத்ததால் தூக்கி எறியவும் இல்லை. அத்தனை வருஷம் கழித்து அதற்கு வேலை வந்தது.

சின்னவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது வண்டிக்குள் இருந்த பாதிக் கதைதான். அந்த வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்லி வளர்த்திருப்பார்கள். நீ அவரிடம் வேலை செய், சம்பளம் வாங்கு, நல்ல படமாக எடுத்துக் கொடு. கணக்காக இரு, மரியாதையாக இரு. முதலாளிக்கு வேலைக்காரன் செய்ய வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் உன்னைக் குடும்பம் என்று சொல்லும்போது, உன் குடும்பத்தில் யாரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறார் என்று திரும்பிப் பார். நான் அன்று கடுக்கனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பார்க்கத் தவறினேன். உன் மனைவியின் பெரியப்பா மகன் ஒருவன் சேலத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறானே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வண்டியைத் தானே கழுவி ஓட்டி வந்தவன். அவளுக்கு அவனும் அண்ணன்தான். அவன் கையில் கிரீஸ் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காரட்டும். சின்னவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, நன்றாகச் சாப்பிட வைத்து அனுப்பு. அவர் கோபித்துக்கொண்டு படத்தை நிறுத்தினால், அந்தக் குடும்பம் எத்தனை ஆழம் என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிடும்.

படத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் சிரிக்க வேண்டும் என்கிறாய், சிரிக்கட்டும். தாடைக்கட்டும் தும்மலும் நாய்ப் பயமும் இருக்கட்டும், உன் அப்பா வருத்தப்பட மாட்டார். மச்சான் வண்டியில் ஏறி அழுகிற காட்சியையும் எடு. அந்தச் சிரிப்பு நடிகரே செய்யட்டும். ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன். அவன் காலைப் பிடித்துக்கொண்டு, உன் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறேன் மாமா என்று சொல்லும்போது, தோளில் முதலாளி கை இருந்தாலும் பரவாயில்லை, உன் படத்தில் அப்பாவைக் கண் திறக்க வை. நான் தியேட்டருக்கு வந்து பார்க்கிறேன்.

உன் அம்மா